வாளுக்குக் கீழே விழுவது

எல்மியா வுட் கண்காட்சிக்கு அரங்கம் கிடையாது. ஸ்வீடனின் தென்பகுதியில், வெட்டர்ன் ஏரிக்கரையில் இருக்கும் யோன்ஷோப்பிங் நகரத்துக்குத் தெற்கே பிராட்டெபோர்க் என்றொரு எஸ்டேட். அதன் காட்டுக்குள் கிலோமீட்டர் கணக்கில் பாதை போட்டு, இருபுறமும் மரங்களுக்கு நடுவிலேயே கடை விரித்துவிடுகிறார்கள். மரம் வெட்டும் இயந்திரம் வாங்க வந்தவர், அது நிற்கிற மரத்தை வெட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். 1975ல் தொடங்கிய இந்தக் கண்காட்சி வழக்கமாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும். 2021ல் நடந்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய் 2022 ஜூனில் நடந்தது. நாங்கள் போனது அதற்குத்தான். அதே 1975ல் ஜெர்மனியின் ஹானோவரில் லிக்னா என்ற கண்காட்சியும் தொடங்கியது. மர அறுவைத் தொழிலின் பெரிய இயந்திரங்களைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் அங்கே சிமெண்டுத் தரை. நான் சொல்ல வந்த விஷயம் மண்தரையில் கிடக்கிறது.

காரில் வந்த எல்லாருமே மரப்பித்துப் பிடித்தவர்கள். வண்டி ஓட்டியவர் என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அப்பா வழியாக வந்த சில ஹெக்டேர் ஸ்ப்ரூஸ் காடு அவருக்கு இருக்கிறது. காடு என்றாலே அரசாங்கத்துடையது என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படலாம். ஸ்வீடனின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் காடு. அதில் பாதி தனிக் குடும்பங்களின் சொத்து. வெட்டினால் மறுபடி வளர்த்தாக வேண்டும் என்ற சட்டம் 1903லேயே வந்துவிட்டது. ஆகவே இந்தக் கண்காட்சிக்கு வருகிறவர்களில் கம்பெனிக்காரர்களுக்குச் சமமாக, ரப்பர் பூட்ஸும் காப்பி பிளாஸ்குமாக இவரைப் போன்ற சிறு காட்டுக்காரர்களும் இருப்பார்கள்.

இன்னொருவர் தூத்துக்குடிக்காரர். துறைமுகத்தில் வந்திறங்கும் வெளிநாட்டுத் தடிகளை வாங்கி அறுக்கும் மரவாடி அவருடைய குடும்பத்துக்கு இருந்தது. இப்போது மென்பொருள் எழுதிப் பிழைக்கிறார் என்றாலும் மரவாடிப் புத்தி போகவில்லை. இயந்திரம் ஓடி முடித்ததும் கூட்டம் அதைப் படம் எடுக்க நெருங்கும். இவர் மட்டும் குனிந்து கீழே கிடப்பதில் ஒரு பிடி அள்ளுவார். "எங்க மில்லுல சாணைக்காரர் வாளைப் பாக்கவே மாட்டாருண்ணே. தூளை அள்ளிப் பாத்துட்டு, வாளைக் கழட்டுடான்னு சொல்லிருவாரு" என்றார். தூளில் அந்தச் சாணைக்காரர் என்னத்தைப் பார்த்தார் என்பதுதான் அன்று முழுக்க எங்கள் பேச்சு.

முதலில் பார்த்தது ஹார்வெஸ்டர். பெரிய சக்கரங்கள், நீண்ட கை, கையின் நுனியில் தொங்கும் ஒரு தலை. அந்தத் தலை மரத்தின் அடியைக் கவ்விப் பிடிக்கிறது. உள்ளே மறைந்திருக்கும் சங்கிலி ரம்பம் கண்மூடித் திறப்பதற்குள் அறுத்துவிடுகிறது. மரம் சாய்ந்ததும் முள் உருளைகள் அதை இழுக்க, வளைந்த கத்திகள் கிளைகளைச் சீவித் தள்ள, நாலு மீட்டர், ஐந்து மீட்டர் என்று தடிகள் வரிசையாக விழுகின்றன. ஒரு மரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. பார்ப்பவர்களைத் தள்ளி நிறுத்தக் கயிறு கட்டியிருந்தார்கள். வெறும் கூட்டக் கட்டுப்பாடு என்று அதை நினைத்துவிடக் கூடாது. அந்தச் சங்கிலி வினாடிக்குச் சுமார் 40 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அறுந்தால், அறுந்த முனை சாட்டைபோலச் சொடுக்கும். அந்தச் சொடுக்கில் கழன்று பறக்கும் ஒரு சின்னக் கண்ணிக்குத் துப்பாக்கிக் குண்டின் வேகம் வந்துவிடுகிறது. ஓட்டுநர் அறையின் ஜன்னல்கள் தடித்த பாலிகார்பனேட்டால் ஆனவை. அப்படியும் ரம்பம் நீளும் திசைக்கு நேராகத் தன் அறை வராதபடி தலையைத் திருப்பி வைத்துத்தான் அறுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். வேடிக்கை பார்க்கிறவர்களுக்கும் அதே விதி.

இயந்திரம் அடுத்த மரத்துக்கு நகர்ந்து, கயிற்றை அவிழ்த்ததும் நண்பர் அள்ளிக் காட்டினார். கையில் இருந்தது தூள் இல்லை, சீவல். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டருக்கு முன்பின், காகிதத்தைவிடக் கொஞ்சம் தடிமன், ஓரம் வெட்டினாற்போலக் கூர்மை. விரலால் நசுக்கினால் இழை இழையாகப் பிரிந்தது. ஈரம், பிசின் வாசனை.

ஏன் இந்த வடிவம்? மரத்தைத் துடைப்பத்துக்குக் கட்டிய ஈர்க்குக் கட்டாக நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும். ஸ்ப்ரூஸ், பைன் போன்ற ஊசியிலை மரங்களின் கட்டையில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே வகைச் செல்கள். ஒவ்வொன்றும் சுமார் 3 மி.மீ. நீளமும் அதில் நூறில் ஒரு பங்கு அகலமும் கொண்ட பொள்ளலான குழாய். எல்லாம் மரத்தின் நீளவாக்கில் நிற்கின்றன. இந்தக் கட்டையை மூன்று விதமாக அறுக்கலாம்; மூன்றுக்கும் கீழே விழுவது வேறு வேறு.

குறுக்கே அறுப்பது முதல் விதம். மரத்தைச் சாய்ப்பதும் தடியைத் துண்டு போடுவதும் இதுதான். பல்லின் மூலை ஒவ்வொரு ஈர்க்கையும் வெட்டுகிறது. பல்லின் மேல்விளிம்பு உளிபோல அந்தத் துண்டை நெம்பி எடுக்கிறது. ஆகவே துண்டின் நீளம் ஏறக்குறைய பல்லின் அகலம். அரை சென்டிமீட்டர் கணக்கு இப்படித்தான் வருகிறது. தடிமனைத் தீர்மானிப்பது வேறொன்று: ஒவ்வொரு பல்லுக்கு முன்னாலும் அதைவிட அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிப் பதிவாக ஒரு மொட்டை மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று அளந்து விடுவது அந்த மேடுதான். அதை அரத்தால் அதிகம் தேய்த்துவிட்டால் பல் ஆழமாகக் கடித்து ரம்பம் கையில் துள்ளும். தேய்க்காமல் விட்டால் எவ்வளவு கூர் வைத்தாலும் பல் மேலாகச் சுரண்டிக்கொண்டிருக்கும். சீவலுக்குப் பதில் மாவு விழுந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது அல்லது மேடு உயர்ந்துவிட்டது என்று பொருள். சாணைக்காரர் பார்த்தவற்றில் ஒன்று இது.

இந்தப் பல்லுக்கு ஒரு புழு குரு. 1940களின் நடுப்பகுதி வரை சங்கிலி ரம்பத்தின் பற்கள் பழைய இருவர் ரம்பத்தின் பற்களைப் பார்த்துச் செய்தவை. கீறிக் கீறித்தான் போகும். அடிக்கடி கூர் வைத்தாக வேண்டும், அதுவும் லேசில் நடக்கிற வேலையாக இராது. அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோ காக்ஸ் என்பவர், 1946ல் விறகு பிளந்துகொண்டிருந்தபோது ஓர் அடிக்கட்டைக்குள் வண்டின் புழு ஒன்றைக் கண்டார். ஆள்காட்டி விரல் தண்டிப் புழு. அது இழையோட்டத்தோடும் தின்றது, இழைக்குக் குறுக்கேயும் தின்றது, சிரமமே இல்லாமல். காக்ஸ் அதன் வாயை உற்றுப் பார்த்தார். வளைந்த இரண்டு தாடைகள், இடமும் வலமுமாக மாறி மாறி வெட்டின. அதே வளைவை இரும்பில் செய்து, இடப்பல், வலப்பல் என்று மாற்றி மாற்றிக் கோத்துச் சங்கிலியாக்கினார். 1947ல் போர்ட்லண்டில் தன் வீட்டின் நிலவறையில் கம்பெனி தொடங்கினார். இன்றைக்கு உலகமெங்கும் ஓடும் சங்கிலிகள் எல்லாம் அடிப்படையில் அந்த வடிவம்தான். உயிர்களிடமிருந்து வடிவத்தை எடுத்த கண்டுபிடிப்புகளைப் பட்டியல் போடுகிறவர்கள் மீன்கொத்தி மூக்கையும் ஒட்டுப்புல்லையும் சொல்லிவிட்டு இந்தப் புழுவை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் புழுவுக்குத்தான் முதல் இடம் தர வேண்டும். அது செய்துகொண்டிருந்த வேலையும் நாம் செய்ய விரும்பிய வேலையும் ஒன்றேதான்.

இரண்டாவது விதம், ரம்பத்தை ஈர்க்குகளின் போக்கிலேயே படுக்க வைத்து ஓட்டுவது. பெரிய கட்டையைப் படுக்கப்போட்டுப் பக்கவாட்டில் இரண்டாகப் பிளக்கிறார்களே, அது. பல் இழையின் திசையிலேயே ஓடுவதால் குறுக்கே வெட்டு விழ வாய்ப்பே குறைவு. விரல் நீளத்துக்கும் மேல் சுருள் சுருளாக நார் உரிந்து வரும். ரம்பத்தின் பின்மூடியில் அடைத்துக்கொண்டு இயந்திரத்தையே நிறுத்திவிடும். ஓர் இடத்தில் ஒருவர் ஆள் உயரக் கட்டை ஒன்றை இப்படிப் பிளந்துகொண்டிருந்தார். முழங்கால் அளவு வெள்ளை நார் குவிந்து கிடக்க, குழந்தைகள் அதில் புரண்டுகொண்டிருந்தார்கள்.

மூன்றாவதுதான் எங்களுக்கு வேண்டியது: பலகை அறுப்பது. வாள் தடியின் தலைப்பில் நிற்கிறது. பற்கள் இழைகளுக்குக் குறுக்கே ஓடுகின்றன. ஆனால் வாள் முன்னேறுவதோ இழையின் நீளவாக்கில். அதாவது ஈர்க்குக் கட்டின் தலையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கிக்கொண்டே போவது. ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு ஈர்க்கின் நுனியில் துளி எடுக்கும். எவ்வளவு துளி என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சிறு காட்டுக்காரர்கள் வாங்கும் இயந்திரம் மெல்லிய பேண்ட் சா. இரண்டு சக்கரங்களில் மாட்டி இறுக்கிய எஃகுப் பட்டை வளையம் படுக்கைவாட்டில் சுழலும். தண்டவாளத்தின் மேல் தலைப்பகுதி முன்னே போகும். தடி அசையாமல் கிடக்கும். பட்டையின் வேகம் வினாடிக்கு 28 மீட்டர், பல்லுக்குப் பல் இடைவெளி 22 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஒரு வினாடியில் 1,270 பற்கள் மரத்தைத் தொடும். தலைப்பகுதி நிமிடத்துக்கு 20 மீட்டர் நகர்கிறது என்றால் வினாடிக்கு 333 மி.மீ. வகுத்தால், ஒரு பல்லுக்கு 0.26 மி.மீ. மூன்று மில்லிமீட்டர் இழை பத்துப் பன்னிரண்டு துணுக்காக நறுங்கிவிடுகிறது. அதனால்தான் பலகை அறுக்கும் இடத்தில் சீவலும் இல்லை, நாரும் இல்லை, கிட்டத்தட்ட ரவை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பட்டையின் உடம்பு சுமார் 1.1 மி.மீ. தடிமன். பற்களை ஒன்று இடம், ஒன்று வலம் என்று லேசாக வெளிப்பக்கம் வளைத்து 'செட்' வைத்திருப்பார்கள். அதனால் வாள் தின்னும் அகலம் 2 மி.மீ. ஆகிறது. உடம்புக்கும் மரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் சந்து. அறுத்த தூள் முழுவதும் பற்களுக்கு நடுவே இருக்கும் குழியில் தங்கி, மறுபக்கம் போய் வெளியே விழ வேண்டும். புதிதாக இயந்திரம் வாங்கியவர்கள் பயந்துபோய் மெதுவாகத் தள்ளுவார்கள். மெதுவாகத் தள்ளினால் துணுக்கு இன்னும் பொடியாகும். சந்தைவிடப் பொடியானது குழியில் நிற்காமல் பக்கவாட்டில் கசிந்து, வாளுக்கும் மரத்துக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். உராய்வில் வாள் சூடாகும். சூடேறிய எஃகு நீளும். நீண்டால் இறுக்கம் தளரும். தளர்ந்த வாள் மரக்கணு வந்த இடத்தில் மேலே ஏறி, பிறகு கீழே இறங்கும். பலகையில் அலை விழும். அதே அலை, ரொம்ப வேகமாகத் தள்ளிக் குழி நிரம்பி வழிந்தாலும் விழும். அறுத்த பலகையின் முகத்தைக் கையால் தடவி, ஒட்டியிருக்கும் தூள் எவ்வளவு இறுகியிருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்தால் எது காரணம் என்று தெரிந்துவிடும். விற்பனைக்காரர் குதிரைத்திறனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, தூத்துக்குடிக்காரர் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். "நல்லா ஓட்டுறான்" என்று சான்றிதழும் கொடுத்தார்.

வாள் தின்னும் அகலத்துக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு? 300 மி.மீ. கனமுள்ள ஒரு சதுரக் கட்டையை 25 மி.மீ. பலகைகளாக அறுக்கிறோம். 2 மி.மீ. தின்னும் பேண்ட் சாவில் 11 பலகை கிடைக்கும். 6 மி.மீ. தின்னும் வட்ட ரம்பத்திலோ, சட்டத்தில் பொருத்திய சங்கிலி ரம்பத்திலோ 9தான். இரண்டு பலகை தூளாகப் போய்விட்டது. மரம் 70, 80 வருடம் வளர்த்ததை! அதற்காகச் சட்டத்தில் பொருத்திய சங்கிலி ரம்பம் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அதைத் தோளில் சுமந்து, தடி விழுந்த இடத்துக்கே கொண்டுபோகலாம். பேண்ட் சாவுக்குத் தடியைக் கொண்டுவர வேண்டும். அதற்கென்று தனிச் சங்கிலியும் விற்கிறார்கள். குறுக்கே அறுக்கும் சங்கிலியில் பல்லின் மேல்விளிம்பு சுமார் 30 டிகிரி சாய்ந்திருக்கும். பலகைச் சங்கிலியில் 10 டிகிரிதான். இழையின் நுனியைச் செதுக்குவதற்கு நேரான உளிதானே வேண்டும்?

தூளை விட்டுக் கொஞ்சம் கால் வைத்த இடத்தைப் பார்த்தால் வேறு கதை. ஹார்வெஸ்டர் சீவித் தள்ளிய கிளைகளைத் தன் சக்கரங்களுக்கு முன்னாலேயே பரப்பிக்கொண்டு, அந்த மெத்தையின் மேல்தான் நகர்கிறது. தடிகளை வாரி ஏற்றிக்கொண்டு பின்னால் வரும் ஃபார்வர்டரும் அதே தடத்தில்தான் வரும். சுமையோடு 30 டன்னைத் தாண்டும் வண்டி அது. கிளை மெத்தை இல்லாவிட்டால் ஈரமண்ணில் முழங்கால் ஆழத் தடம் பதிந்துவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பது சின்ன விஷயம். அந்தத் தடத்தில் தேங்கும் நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் மண்ணில் படிந்திருக்கும் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடும். அது ஓடைக்குப் போய் மீனில் சேரும். தொழிற்சாலைப் புகையோடு காற்றில் வந்து எத்தனையோ வருடமாகச் சும்மா கிடந்த பாதரசம், ஒரு சக்கரத் தடத்தால் உணவுக்குள் வந்துவிடுகிறது. இப்போது விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்த ஈரநில வரைபடத்தை ஓட்டுநரின் திரையில் காட்டுகிறார்கள். நீலமாகத் தெரியும் இடத்தில் வண்டி ஏற்றக் கூடாது.

அதே திரையில்தான் மரத்தை எங்கே வெட்டுவது என்ற கணக்கும் ஓடுகிறது. தலையில் இருக்கும் பல்சக்கரம் மரத்தின் நீளத்தை அளக்கிறது. கத்திகள் விரியும் அளவு விட்டத்தைச் சொல்கிறது. மரம் மேலே போகப் போக எப்படிச் சிறுக்கும் என்று இதற்கு முன் வெட்டிய மரங்களை வைத்துக் கணினி ஊகிக்கிறது. எந்த நீளத்துக்கும் எந்த விட்டத்துக்கும் என்ன விலை என்று மில்காரர் கொடுத்த அட்டவணை ஏற்கனவே உள்ளே இருக்கிறது. நுனியிலிருந்து கணக்கைத் தொடங்கி, இந்த இடத்தில் வெட்டினால் மிச்சத்துக்கு அதிகபட்சம் என்ன விலை கிடைக்கும் என்று படிப்படியாக அடிக்கு வருகிறது. மென்பொருள்காரருக்கு இது பழகிய சூத்திரம்; அவருடைய கவனம் அதற்குள் வேறெங்கோ போயிருந்தது.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஓர் அடிக்கட்டையை. வெட்டிய முகம் நீலமாக இருந்தது. ஒன்றல்ல, அந்த வரிசையில் வெட்டிய எல்லா அடிக்கட்டைகளும். சாயம் பூசியது யார்? ஹார்வெஸ்டரேதான். ரம்பத்தின் அலகில் அடிப்பக்கம் வரிசையாகச் சின்னத் துளைகள். அறுக்கும்போதே அவற்றின் வழியாக ஒரு திரவம் பீய்ச்சுகிறது. திரவத்தில் இருப்பது ஃபிளெபியாப்சிஸ் ஜைஜான்டியா என்ற பூஞ்சையின் வித்துகள். நீலச் சாயம், எங்கே பட்டது எங்கே படவில்லை என்று ஓட்டுநருக்குத் தெரிவதற்காக.

மரத்தை வெட்டிவிட்டு அதன் கட்டைக்குப் பூஞ்சை பூசுவது கிறுக்குத்தனமாகத் தோன்றும். வேறொரு பூஞ்சையைத் தடுக்கத்தான் இது. ஹெட்டெரோபாசிடியான் என்ற வேரழுகல் பூஞ்சையின் வித்துகள் கோடைக்காலக் காற்றில் எங்கும் மிதக்கின்றன. பட்டையோடு நிற்கும் மரத்துக்குள் எளிதில் நுழைய அவற்றால் முடியாது. ஆனால் புதிதாக வெட்டிய அடிக்கட்டையின் முகம் அவற்றுக்குத் திறந்த வாசல். அங்கே இறங்கி, முளைத்து, வேருக்குப் போய், வேரோடு வேர் உரசும் இடத்தில் பக்கத்து மரத்துக்குத் தாவும். வெளியில் ஒன்றும் தெரியாது. பத்து இருபது வருடம் கழித்து அந்த மரத்தை வெட்டும்போதுதான் அடித்தண்டின் நடுவில் பழுப்பு வட்டம் தெரியும்; வாளிலிருந்து விழும் தூளும் வெள்ளையாக இராது, பழுப்பாக இருக்கும். மரத்தில் அதிக விலை போகும் அடித்துண்டு, பலகைக்கு ஆகாமல் விறகு விலைக்குப் போய்விடும். காட்டைத் திடப்படுத்த இடையிடையே களைந்தெடுக்கிறோமே, அந்தக் களையெடுப்பே நோயைக் கூட்டி வருகிறது.

இந்த வழியைக் கண்டுபிடித்து உலகுக்குச் சொன்னவர் கேம்பிரிட்ஜின் தாவரவியலாளர் ஜான் ரிஷ்பெத். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிப் பைன் தோப்புகளில் ஆராய்ந்தவர், நோய் அடிக்கட்டை வழியாக நுழைகிறது என்று முதலில் காட்டினார். பிறகு, ஃபிளெபியாப்சிஸ் தானாக வந்து குடியேறிய கட்டைகளில் நோய்ப் பூஞ்சைக்கு இடம் கிடைப்பதில்லை என்று கவனித்தார். அது செத்த மரத்தை மட்டும் தின்று தீர்த்துவிட்டுப் போகிற பூஞ்சை. நிற்கும் மரத்தை ஒன்றும் செய்வதில்லை. முந்திக்கொண்டு அதைப் பூசிவிட்டால் போதும் என்று அவர் சோதித்து எழுதியது 1963ல். இன்றைக்கு வடக்கு ஐரோப்பாவில் கோடையில் வெட்டும் ஊசியிலைக் காடுகளில் அது வாடிக்கையான வேலை. உறைபனிக் காலத்தில் வித்துகள் பறப்பதில்லை. அப்போது பூசவும் தேவையில்லை. நாங்கள் பார்த்த ஒரு கட்டையில் ஓரமாகப் பிறை வடிவில் நீலம் படாத வெள்ளைத் திட்டு இருந்தது. பள்ளி ஆசிரியர் அதை பூட்ஸ் நுனியால் சுட்டிக்காட்டி, "அந்த வழியாக வரும்" என்றார். அவர் காட்டில் வந்திருக்கிறது.

இந்தப் பக்கத்து மக்களுக்கு மரம் விழுவது எப்போதும் லாபச் செய்தியாக இருந்ததில்லை. 2005 ஜனவரி 8ஆம் தேதி இரவு குட்ரூன் புயல் இந்த வட்டாரத்தின் மேல் வந்தது. ஓர் இரவில் சாய்ந்த மரம் ஏறக்குறைய 7.5 கோடி கன மீட்டர். ஸ்வீடன் முழுவதும் ஓர் ஆண்டில் வெட்டுகிற அளவுக்குப் பக்கத்தில் வரும். அதில் பெரும்பங்கு ஸ்ப்ரூஸ். விழுந்த மரங்களை அகற்றும்போது பலர் உயிரிழந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் மரத்தில் ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் அமுங்கியும் இருக்கும். தவறான பக்கம் ரம்பம் பட்டால் தண்டு வில்லாக நிமிர்ந்து அடிக்கும்.

மிச்சப் பிரச்சினை, இவ்வளவையும் எங்கே வைப்பது? மில்கள் அறுத்து முடிக்க வருடக்கணக்கில் ஆகும். அதற்குள் பூஞ்சையும் பட்டை வண்டும் தின்றுவிடும். அவர்கள் செய்தது, தண்ணீர் தெளித்தது. ஸ்மோலண்ட் வட்டாரத்தில் பியூஹோல்மா என்ற இடத்தில் பழைய விமான ஓடுதளத்தின் மேல் தடிகளை அடுக்கினார்கள். கிலோமீட்டர் கணக்கில் நீண்ட அந்த அடுக்கில் ஏறக்குறைய 10 லட்சம் கன மீட்டர் மரம் இருந்தது. குழாய் வைத்து இடைவிடாமல் நனைத்தார்கள். ஈரம் பட்டால் மரம் அழுகும் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அழுகச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும். செல் குழாய்களுக்குள் காற்று நுழைய இடமில்லாமல் நீர் நிரம்பியிருந்தால் பூஞ்சை மூச்சுவிட முடியாது. வண்டும் முட்டையிட வராது.

உயிருள்ள ஸ்ப்ரூஸின் வெளிப்பகுதி, அதாவது நம் தச்சர்கள் வெள்ளை என்று ஒதுக்கும் பகுதி, அப்படித்தான் நீர் நிரம்பி நிற்கிறது. காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுத்தான் ஈரத்தைச் சொல்வது வழக்கம். அந்தக் கணக்கில் அது 120 சதவீதத்தைத் தாண்டும். மரத்தைவிடத் தண்ணீர் அதிகம். உள்ளே இருக்கும் வைரப்பகுதியிலோ 30, 40 சதவீதம்தான். குழாய்க்குள் சும்மா நிற்கும் நீர் போகும்வரை மரம் சுருங்காது. சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, குழாயின் சுவரில் ஊறிய நீர் கழலத் தொடங்கும்போதுதான் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை: ஆண்டு வளையத்தின் போக்கில் சுமார் 8 சதவீதம், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் அதில் பாதி, நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நம் வீட்டுக் கதவுப் பலகை வளைவதும் மழைக்காலத்தில் நிலையில் இறுகுவதும் இந்த வித்தியாசத்தால்தான்.

கண்காட்சியில் குவிந்த தூளை மாலையில் டிராக்டரில் வாரிக்கொண்டு போனார்கள். இங்கே எதுவும் வீணாகப் போவதில்லை. ஸ்வீடனின் மில்லுக்குள் போகும் தடியில் ஏறக்குறைய பாதிதான் பலகையாக வெளியே வருகிறது. மிச்சம் துண்டும் தூளும். தூளைக் காய வைத்து அச்சில் அழுத்திக் குச்சி எரிபொருளாக்குகிறார்கள். பசை சேர்ப்பதில்லை, அழுத்தத்தின் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் லிக்னினே இளகி ஒட்டிவிடுகிறது. காகித ஆலைக்கு மட்டும் பலகைத் தூள் அவ்வளவாக உதவாது. காகிதத்துக்கு 3 மி.மீ. இழை முழுசாக வேண்டும், 0.26 மி.மீ. துணுக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் பெரிய மில்களில் தடியின் வட்ட ஓரங்களை ரம்பத்தால் அறுப்பதே இல்லை. சுழலும் கத்திகளால் 25 மி.மீ. நீளச் சில்லுகளாகச் சீவி எடுத்துவிடுகிறார்கள். நடுவில் மிஞ்சும் சதுரத்தைத்தான் வாள் தொடும். தூத்துக்குடியில் அந்த ஓரத்துண்டெல்லாம் பேக்கரி அடுப்புக்குப் போனதாக நண்பர் சொன்னார்.

கிளம்பும் முன் பள்ளி ஆசிரியர் தன் பேண்ட் சாவுக்கு வாள் வாங்கினார். விற்பவர் கேட்ட முதல் கேள்வி, "கோடைக்கா, குளிருக்கா?" கோடைக்கு வாங்குவது பல் 10 டிகிரி முன்னே சாய்ந்த வாள். ஜனவரியில் தடி உறைந்திருக்கும்; வெளிப்பகுதியில் இருக்கும் அவ்வளவு நீரும் பனிக்கட்டி. சாய்ந்த பல்லின் மெல்லிய நுனி அதில் சீக்கிரம் மழுங்கிவிடும், அதனால் 4 டிகிரி. செட்டும் குறைவாக வைக்க வேண்டும். உறைந்த மரத்தின் தூள் வழக்கத்தைவிடப் பொடி. சந்து அகலமாக இருந்தால் கசிந்துபோய்ப் பலகையின் முகத்தில் ஒட்டி அங்கேயே உறைந்துவிடும், அடுத்த பலகை அதன் மேல் ஏறி இறங்கும். ஆசிரியர் இரண்டு விதத்திலும் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டார். தூத்துக்குடிக்காரர் 4 டிகிரி வாளில் ஒன்றைக் கையில் வாங்கி, பல் நுனியைக் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காரில் ஏறியபின் பனிக்கட்டியோடு மரம் அறுக்கிற ஊரில் சாணைக்காரருக்கு என்ன கூலி என்று கேட்டார். இங்கே சாணைக்காரர் கிடையாது. மழுங்கிய வாள்களைப் பெட்டியில் போட்டுத் தபாலில் அனுப்பினால் கம்பெனி கூர் வைத்துத் திருப்பி அனுப்பும் என்றார் ஆசிரியர். "தூளை எப்படி அனுப்புவீங்க?" என்று நண்பர் தமிழில் முனகியதை நான் மொழிபெயர்க்கவில்லை.